திருகோணமலைக்குப் போக எந்த ஏர்போட்டில் இறங்குவது?

"சீனக்குடாவில்தான் ஏர்போட் இருக்கிறதே, நேரே அங்கேயே இறங்கலாம்தானே?" லண்டனில் இருந்து மருமகன் கேட்டான். இருக்கிறதுதான். ஆனால் அது விமானப்படைத் தளம். உள்நாட்டுச் சிறு விமானங்கள் இறங்கும் இடம், லண்டன் விமானம் அங்கே வராது. ஆகவே நமக்கு இருப்பது கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்காவும் யாழ்ப்பாணத்துப் பலாலியும்தான்.

இணையத்தில் தேடினால் சீனக்குடாவில் இருந்து பலாலிக்குச் சுமார் 185 கிலோமீட்டர், கட்டுநாயக்காவுக்கு 207 என்று வரும். அது வானத்தில் கோடு போட்டு அளந்தது. நாம் போகிற வான் வேறு, அதற்கு நாலு சில்லு. தரையில் இரண்டு இடத்தில் இருந்தும் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் வரும். எனவே கிலோமீட்டரை விட்டுவிட்டு மணித்தியாலத்தைக் கணக்குப் பாருங்கள்.

கட்டுநாயக்காவில் இருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. ஐந்தரை, ஆறு மணித்தியாலம் பிடிக்கும். குருநாகல் தாண்டும்வரை ஊருக்கு ஊர் நெரிசல். நள்ளிரவில் வந்து இறங்குகிறவர்கள் "ரோட்டு வெறுமையாக இருக்கும், இப்பவே வெளிக்கிடுவோம்" என்பார்கள். நான் சம்மதிக்க மாட்டேன். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காடு. இருட்டில் யானை ரோட்டில் நிற்கும், கிட்டப் போகும்வரை தெரியாது. சாரதியும் நித்திரை கொள்ளாதவராக இருப்பார். நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துப் படுத்துவிட்டு, விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம்.

பலாலியில் இருந்து ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா. அங்கே கிழக்கே திரும்பி ஹொரவப்பொத்தானை வழியாக வர வேண்டும். ஐந்து மணித்தியாலம் போதும். ஊருக்குள் நுழைய முன்னரே கன்னியா வெந்நீரூற்று வந்துவிடும். ஏழு கிணற்றிலும் நாலு வாளி அள்ளி ஊற்றினால் பயண அலுப்புப் போகும்.

கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் பலாலிக்கு வருவது தமிழ்நாட்டில் இருந்து சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள். சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று எடுத்தால், சென்னையில் குடிவரவு தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு அதற்கே இந்திய விசா வேண்டும். பெரிய விமானத்தில் விட்ட பாரத்தைச் சின்ன விமானத்திலும் விடுவார்கள் என்று நம்பிச் சொக்லேட்டை அள்ளிப் போடாதீர்கள். ஒருமுறை நான் கூடுதல் பாரத்துக்குக் கட்டிய காசுக்கு அந்தச் சொக்லேட்டை ஊரிலேயே இரண்டு மடங்கு வாங்கியிருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலும் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டும், இடையில் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் போக வேண்டும் என்றால் பலாலி சரி. நேரே திருகோணமலைக்குத்தான், கையில் சின்னப் பிள்ளைகள் என்றால் கட்டுநாயக்காதான்.

வான் வாடகையைப் பேசும்போது, சாரதி திரும்பிப் போகும் எரிபொருளும் சேர்த்தியா என்று முதலே கேட்டுவிடுங்கள். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இருந்து இரவு ரயிலும் உண்டு. தனியாளுக்கு அது மலிவு, ஆசனத்தை முன்கூட்டியே பதிய வேண்டும்.

திரும்பும்போது கணக்கைப் பின்னால் இருந்து போடுங்கள். ஏர்போட்டில் மூன்று மணித்தியாலம், வழியில் ஆறு, டயர் காற்றுப் போனால் என்று ஒன்று. இரவு பத்து மணி விமானத்துக்கு மத்தியானம் பன்னிரண்டுக்கு வான் வாசலில் நிற்க வேண்டும். அம்மம்மாவிடம் பதினொன்று என்று சொல்லி வையுங்கள்.