காபிக்கடைக் கொலைக் கதையை நாமே கெடுத்துக்கொள்வது எப்படி?

காபிக்கடை மாதிரி இடத்தில் நடக்கும் 'கோஸி மிஸ்டரி' (ரத்தத்தைக் காட்டாமல் நிதானமாகப் போகும் துப்பறியும் கதை) வகை நாவல் ஒன்றை எடுத்து, நாற்பது ஐம்பது பக்கத்தில் "இழுக்குது" என்று மூடி வைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறைய. ராஜேஷ்குமாரையும் சுபாவையும் வடசேரி பஸ் ஸ்டாண்டில் வாங்கி, மார்த்தாண்டத்தில் இறங்குவதற்குள் முடித்துப் பழகியவர்கள் நாம். அத்தியாயத்துக்கு ஒரு அதிர்ச்சி வேண்டும், ரத்தம் வேண்டும், ஜீப்பில் போலீஸ் வந்து இறங்க வேண்டும். கோஸியிடம் இதைக் கேட்பதுதான் முதல் தவறு.

இங்கே கொலை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்திருக்கும். துப்பறிகிறவர் போலீஸ் இல்லை. கடை நடத்துகிறவரோ, நூலகரோ, ஓய்வுபெற்ற டீச்சரோ. களம் ஒரு சின்ன ஊர், இல்லையென்றால் பெருநகரத்துக்குள் ஒரே ஒரு தெரு. 1930இல் அகதா கிறிஸ்டி தன் மிஸ் மார்பிளை முழுநீள நாவலுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டியிடம் பூதக்கண்ணாடியும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. புதிதாக ஒருவரைப் பார்த்தால், தன் கிராமத்தில் அதே சாயலில் நடந்துகொண்ட இன்னொருவரை நினைத்துப் பார்ப்பார். பாதி முடிச்சு அதிலேயே அவிழ்ந்துவிடும்.

காலையில் தக்கலைப் பக்கம் ஒரு சாயாக் கடையில் நின்றவருக்கு இது புதிதல்ல.

"என்ன ஓய், சாயா ருசி மாறிட்டு?"

"பால் மாறிட்டு, அதாக்கும்."

"அப்ப பழைய ஆளுக்க கூட சண்டையா?"

மூன்றே வாக்கியத்தில் சாயாவிலிருந்து சண்டைக்கு வந்தாயிற்று. வழக்கம் தெரிந்தவருக்கு, அது மாறினால் உடனே தெரிந்துவிடும். கோஸியின் துப்பறியும் முறை இதுதான். ஆகவே ஊர்வம்பாக வரும் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, காபி போடும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போவது. தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லால் குடிக்காத தேநீர் இல்லை. ஆனால் அந்தக் கோப்பையைக் கதையிலிருந்து எடுத்துவிட்டாலும் வழக்கு நிற்கும். காபிக்கடை நாவலில் அப்படி எடுக்க முடியாது. துப்பறிபவர் கண்டுபிடித்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக்கூடாது என்பது 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்கு எழுதிய பத்து விதிகளில் ஒன்று. காட்டியே ஆகவேண்டும், ஆனால் யாரும் கவனிக்கக்கூடாது. அதற்கு, வாசகர் தூங்கி வழியும் பக்கத்தைவிட நல்ல இடம் எது?

மெஷினில் அழுத்தி இறக்கும் கெட்டிக் காபியான எஸ்பிரஸோவையே எடுத்துக்கொள்வோம். சுமார் 18 கிராம் தூளைக் கைப்பிடி வைத்த வடிகட்டியில் போட்டு அழுத்தி, மெஷினில் மாட்டினால், ஏறக்குறைய 9 பார் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் வெந்நீர் இறங்கி, 25 முதல் 30 விநாடியில் காபி விழும். வடிகட்டியில் வட்டமாக ஒரு சக்கை மிச்சமிருக்கும். பழகிய ஆள் அதை உடனே தட்டிக் கொட்டிவிட்டு மெஷினில் கொஞ்சம் வெந்நீர் ஓடவிடுவார்; அது கைப்பழக்கம். இதை இரண்டாம் அத்தியாயத்தில் படித்த உங்களுக்கு, ஏழாம் அத்தியாயத்தில் கடை பூட்டிக் கிடக்கும்போது வடிகட்டியில் காய்ந்த சக்கை இருந்தால் என்ன தோன்ற வேண்டும்? கடைசிக் கோப்பையைப் போட்டவர் கடை ஆள் இல்லை. அல்லது கடை ஆள்தான், வேலையைப் பாதியில் விட்டு ஓடும்படி ஏதோ நடந்திருக்கிறது.

நுரையும் அப்படித்தான். எஸ்பிரஸோவின் மேலே நிற்கும் பொன்னிற நுரை சில நிமிடங்களில் கலைந்துவிடும். "நான் வந்து ரொம்ப நேரமாச்சு" என்று சொல்கிறவரின் கோப்பையில் அது இன்னும் கலையாமல் இருந்தால், சொன்னது பொய். கசப்பு இன்னொரு வசதி: கருப்புக் காபியின் கசப்பில் விஷத்தின் கசப்பு ஒளிந்துகொள்ளும். முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த கிறிஸ்டிக்கு விஷங்களைப் பற்றி அத்தனை தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் கடையை நம் சாயாக் கடையாகவே கற்பனை செய்துகொள்வதும் இடறிவிடும். ஊர்வம்புக்கு அந்தக் கற்பனை உதவும், கடையின் நடைமுறைக்கு உதவாது. இங்கே குடித்துவிட்டுக் காசு கொடுக்கிறோம். பழக்கமானவர் என்றால் பற்று எழுதுவதும் உண்டு. அமெரிக்கக் காபிக்கடைகளில் முதலில் பணம், பல இடங்களில் கோப்பையிலேயே வாங்குபவர் பெயரும் இருக்கும். ஆக, யாருக்குப் போகவேண்டிய கோப்பை யார் கைக்குப் போனது என்ற கேள்விக்கே அங்கே தனி எடை. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு லேப்டாப்போடு அரைநாள் உட்கார்ந்திருப்பவரைச் சந்தேகிக்காதீர்கள். அங்கே அது சாதாரணம். கட்டடம் யார் பெயரில், வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, பங்கு யாருக்கு என்ற பேச்சு வந்தால் மட்டும் காதைத் தீட்டுங்கள். வேலித் தகராறையும் பாகப்பிரிவினை வழக்கையும் பார்த்து வளர்ந்த குமரி மாவட்டத்துக்காரருக்கு இந்தக் காரணத்தைத் தனியாக விளக்க வேண்டாம்.

"துப்பறியும் கடைக்காரியைப் போலீஸ் உள்ளே விடுமா?" என்று கேட்டால் எந்தக் கோஸியும் தேறாது. அதை விட்டுவிடுங்கள். பெயர்கள் குழம்பினால் ஒரு துண்டுச் சீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதி அடையாளத்துக்கு வையுங்கள்.

தொடர் நாவல்களை நடுவில் ஆரம்பிக்காதீர்கள். கொலையாளி புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவார். கடைக்காரியின் முன்னாள் கணவர், மாமியார், வேலையாட்களோடு உள்ள கதை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காபிக்கடைத் தொடர்களில் பெயர்பெற்ற ஒன்று நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் நடக்கிறது. முதல் புத்தகம் 2003இல் வந்தது. எழுதியவர் பெயர் கிளியோ காயில் என்றிருக்கும், உண்மையில் அது கணவன் மனைவி இருவரின் புனைபெயர்.

ராத்திரி படிப்பவர்கள் நாவலின் வாசனையில் மயங்கி உண்மையான காபியைப் போட்டால், கதை முடிந்தபிறகும் தூக்கம் வராது. இடவப்பாதி மழைக்குக் காபித்தூள் சேர்க்காத சுக்கு காபியே போதும்.

கடைசிப் பக்கங்களில் பலகார, காபிக் குறிப்புகள் இருக்கும். அங்கே ஓவன் சூடு 350 டிகிரி என்பது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 177 செல்சியஸ். முள்ளைக் கடைசிவரை திருப்பிவிட்டால் கேக் கரியாகும். ஒரு கப் என்பதும் சாயாக் கிளாஸ் அல்ல, ஏறத்தாழ 240 மில்லி. குறிப்பைத் தேடிப் பின்னாலிருந்து புரட்டாதீர்கள். அதற்கு முந்தைய பக்கத்தில்தான் பெரும்பாலும் கொலையாளி கையும் களவுமாக நிற்பார்.