மெய்ஜி ஆலயத்தில் கும்பிடும் முறை

மாட்டுங்காவிலிருந்து டோக்கியோ கிளம்பும் என் தங்கை மகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மெய்ஜி ஆலயம் 1920இல் எழுந்தது. பேரரசர் மெய்ஜிக்கும் பேரரசி ஷோகெனுக்கும் உரியது. சுற்றியுள்ள காடு, மக்கள் கொடுத்த சுமார் 1,00,000 மரங்களை நட்டு உருவாக்கியது. தோரி வாயிலில் தலைவணங்குங்கள். பாதையின் நடுவே நடக்காதீர்கள். அது தெய்வத்தின் வழி.

தண்ணீர்த் தொட்டியில் அவசரம் வேண்டாம். அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையையும், மாற்றிப் பிடித்து வலக்கையையும் கழுவுங்கள். இடது உள்ளங்கையில் நீர் வாங்கி வாய் கொப்பளியுங்கள். அகப்பையில் வாய் படக் கூடாது. தூக்கிக் குடித்து வளர்ந்த நமக்கு இது எளிது. கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் பிடியில் வழிந்து, அடுத்தவருக்காக அதைக் கழுவும். அந்த நொடி எனக்கு மிகவும் பிடிக்கும்.

சன்னதியில் காசு போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை குனியுங்கள்.