குட்டியைக் கேட்டவுடன் கொடுத்துவிடாதீர்கள்: தற்காலிகமாக நாய்க்குட்டி வளர்க்கிறவர்களுக்கு

வீதியோரத்தில் யாரோ விட்டுப்போன குட்டியைத் தூக்கி வந்திருக்கிறீர்கள், நிரந்தரமாக வைத்திருக்க வசதியில்லை, நல்ல குடும்பம் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்கிறீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இப்படி நிறையப் பேர் இருக்கிறோம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: குட்டி எப்படிப்பட்டது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். படத்தில் வடிவாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து எடுக்கிறவர்கள்தான், அது வளர்ந்து செருப்பைக் கடிக்கத் தொடங்கியதும் சந்தையடியில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

படம் போடுவதற்கு முன் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது நன்றாகச் சாப்பிட்ட வயிறு இல்லை, அநேகமாகப் பூச்சி. தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் அது குட்டிக்கு வந்துவிடும், அதனால் துப்புரவான வீட்டில் பிறந்த குட்டிக்கும் பூச்சி மருந்து வேண்டும், சின்ன வயதில் இரண்டு கிழமைக்கு ஒருதரம். பார்வோ என்பது குட்டிகளுக்கு வருகிற கடுமையான வயிற்றோட்ட நோய், அதற்கான தடுப்பூசியை 6 முதல் 8 கிழமைக்குள் தொடங்கி, 16 கிழமை ஆகும்வரை 3, 4 கிழமை இடைவெளியில் போட வேண்டும். அது முடியும்வரை மற்ற நாய்கள் திரிகிற இடத்தில் குட்டியை நிலத்தில் விடாதீர்கள், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சோர்ந்து படுத்து, சத்தி எடுத்து, இரத்தமாக வயிற்றால் போனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விசர் தடுப்பூசி எப்போது போடலாம் என்றும் அங்கேயே கேளுங்கள், சுகாதாரப் பகுதியினர் அதை இலவசமாகப் போடுகிறார்கள். போட்ட ஊசிகளின் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஊசி போடாத குட்டியின் பல் பட்டுத் தோல் கிழிந்தால், சின்னக் கீறல்தானே என்று விடாமல் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாடு பெரிய விஷயமில்லை. முள் எடுத்த மீனும் சோறும், அவித்த முட்டை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தரம் கொஞ்சம் கொஞ்சமாக. வெங்காயம் போட்ட கறி, சமைத்த கோழி எலும்பு, சொக்லேட் மூன்றும் கூடாது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் குழப்பும்.

இப்போது என்னிடம் இருப்பது சுட்டி. நெற்றியில் வெள்ளை, ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும், ஊர்நாயும் அல்சேசனும் கலந்தது போல. யாராவது படலையைத் திறந்தால் ஓடிப்போய் சாரத்தின் கரையைக் கவ்விக்கொண்டு தொங்கும். இழுத்தால் விளையாட்டு என்று நினைத்து இன்னும் இறுக்கும். அசையாமல் நின்றால் விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கும், அந்த நேரத்தில் முடிச்சுப் போட்ட பழைய துணியைக் கொடுக்க வேண்டும். அடிக்க வேண்டாம், அடித்தால் கையைக் கண்டு பயப்படப் பழகும், பயந்த நாய்தான் பிறகு கடிக்கும். பால்பல் விழுந்து முடிய 6 மாதம் செல்லும் என்பதை எடுக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கோழி இல்லாத வளவு எங்கள் பக்கம் குறைவு, அதனால் கோழியோடு பழக்காமல் கொடுக்காதீர்கள். கயிற்றில் பிடித்தபடி கோழி மேய்கிற இடத்தில் கொஞ்சம் தள்ளி இருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிற அந்தக் கணத்தில் ஒரு துண்டு மீன். சில நாளில் மாற்றம் தெரியும். தெரியாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

படத்தை நீங்களும் நிலத்தில் குந்தி, காலை வெயிலில் எடுங்கள், அது விளையாடுகிற சின்ன வீடியோவும் ஒன்று. அப்புறம் இந்த மாதிரி எழுதலாம்:

"பெட்டைக் குட்டி, மூன்று மாதமளவில் இருக்கும். கலப்பு, தகப்பன் யாரென்று தெரியாது. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, முதல் ஊசி போட்டாயிற்று. எல்லாரிடமும் போகும். பாய்ந்து ஏறும், நடை பழகுகிற பிள்ளை இருந்தால் விழுத்திவிடும். செருப்பை வெளியே வைத்தால் கடிக்கும். கோழியைத் துரத்தும், பழக்கிக்கொண்டிருக்கிறோம். இரவில் தனியாக விட்டால் அழும்."

பெட்டை என்று எழுதினால் கேட்கிறவர்கள் குறைவார்கள், குறையட்டும். அவள் குட்டி போடுவாள் என்பதுதான் அவர்களின் பயம். 6 மாதமளவில் கருத்தடை செய்யலாம் என்று விளக்கி, எங்கே, எவ்வளவு செலவு என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்லுங்கள். இலவச முகாம் ஏதும் வருகிறதா என்று மிருக வைத்தியரின் அலுவலகத்தில் கேட்கலாம். கொடுத்த பிறகும் ஞாபகப்படுத்துங்கள், நாயின் கர்ப்பம் இரண்டு மாதம்தான்.

கேட்டு வருகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள். வளவுக்கு வேலி இருக்கிறதா, கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா, வீடு ஏ9 வீதிக்குப் பக்கத்திலா, மாரி மழையில் எங்கே படுக்கும், எல்லாரும் யாழ்ப்பாணம் கொழும்பு என்று போனால் சோறு போடப்போவது யார். பிள்ளை ஆசைப்படுகிறான் என்று தகப்பன் வந்தால், அவனுடைய அம்மாவோடும் கதையுங்கள், பெரும்பாலும் அவர்தான் சாப்பாடு வைக்கப்போகிறார். நாள் முழுக்கக் கட்டி வைக்க என்றாலோ வேட்டைக்கு என்றாலோ இல்லை என்று சொல்லிவிடுங்கள். வயல் கொட்டில் காவலுக்குக் கேட்பவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. யானை வருகிற இடத்தில் அது குரைத்துக்கொண்டு ஓடும், யானை திருப்பித் துரத்தினால் நேரே ஆள் இருக்கிற கொட்டிலுக்குத்தான் ஓடிவரும், இரண்டு உயிருக்கும் ஆபத்து.

சரி, நல்ல குடும்பம் அமைந்துவிட்டது. 8 கிழமைக்கு முன் கொடுக்க வேண்டாம். வீட்டில் ஆள் நிற்கிற நாளாகப் பார்த்து, காலையில் கொண்டுபோங்கள். ஓட்டோவில் சத்தி எடுக்கும், அதனால் புறப்படுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். ஊசி அட்டை, அது படுத்த துணி, இவ்வளவு நாளும் என்ன சாப்பிட்டது என்று எழுதிய துண்டு, மூன்றையும் கையில் கொடுங்கள். முதல் கிழமை வைபரில் ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, வைத்திருக்க முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தாருங்கள் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். திரும்பி வந்தால் கோபிக்காமல் காரணத்தைக் கேட்டு, அடுத்த தடவை குட்டியைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள்.