விருந்துவழங்கியும் ஒட்டுண்ணியும்: விரிதாளில் ஒரு கூர்ப்பு மாதிரி

கொக்குவிலில் உயர்தர உயிரியல் படிக்கும் மருமகளுக்காக இதை இரண்டு இரவுகள் இருந்து செய்தேன். பைதன் வேண்டாம், லிப்ரே ஆபிஸ் விரிதாளே போதும். ஒவ்வொரு எண்ணையும் கண்ணால் பார்த்தால்தான் இது பிடிபடும்.

விருந்துவழங்கிகளில் (ஒட்டுண்ணி தொற்றும் உயிரிகளில்) இரண்டு வகைப் பூட்டு, ஒட்டுண்ணிகளில் இரண்டு வகைத் திறப்பு (சாவி). பொருந்தினால் தொற்று. முதல் வகைப் பூட்டுள்ளவற்றின் பங்கு 'வ', முதல் வகைத் திறப்புள்ளவற்றின் பங்கு 'ஒ'.

தகைமைகள் (அடுத்த சந்ததிக்குப் பெருகும் திறன்):
விருந்துவழங்கி: முதல் வகைக்கு 1 − 0.2 × ஒ. மற்றதற்கு 1 − 0.2 × (1 − ஒ).
ஒட்டுண்ணி: முதல் வகைக்கு 1 − 0.5 × (1 − வ). மற்றதற்கு 1 − 0.5 × வ.

ஒவ்வொரு வகையின் பங்கையும் அதன் தகைமையால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அடுத்த சந்ததியின் பங்கு வரும். 300 நிரைகளுக்கு இழுத்துவிடுங்கள்.

நான் ஓர் இரவு முழுவதும் தடுமாறிய இடம் இனித்தான். புதிய 'ஒ'வைக் கணிக்கும்போது, பக்கத்துக் கட்டத்தில் அப்போதுதான் வந்த புதிய 'வ'வை எடுத்துவிட்டேன். இரண்டும் பழைய நிரையிலிருந்தே வரவேண்டும். வ = 0.5, ஒ = 0.6 எனத் தொடங்கினால் அடுத்த நிரையில் 0.4889, 0.6 வரவேண்டும். 0.5964 என்று கண்டால் நீங்களும் அதே பிழையில் இருக்கிறீர்கள். வரைபு அழகாகத்தான் வரும், ஆனால் சுற்று பெருகாமல் ஒரே அளவில் வட்டமிடும். சரியான மாதிரியில், நடுப்பகுதியில் (0.5 இன் அருகே) ஏறத்தாழ 33 சந்ததிக்கு ஒரு சுற்று. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் வீச்சு முந்தையதன் இரு மடங்கை நெருங்கும். ஒட்டுண்ணி எப்போதும் ஓரடி பின்னால் துரத்துகிறது, அரிய பூட்டு தப்பிப் பெருகுகிறது. இதற்காகவே இந்த மாதிரியை நேசிக்கிறேன்.

பின்சேர்க்கை: நேர்கோடுதான் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் 0.5 இல் தொடங்கியிருந்தார். அங்கே இரு பூட்டுகளுக்கும் ஒரே தகைமை, இரு திறப்புகளுக்கும் ஒரே தகைமை, எதுவும் அசையாது. இன்னொருவருக்கு வரைபு 0 இலும் 1 இலும் ஒட்டிக்கொண்டது. விகாரம் (ஒரு வகை மற்றதாக மாறும் சிறு வாய்ப்பு) சேர்த்துக்கொள்ளுங்கள்: புதிய பங்கு × 0.998 + 0.001.

இந்தத் துரத்தலை நிஜத்திலும் தேடியிருக்கிறார்கள். 2007 இல் ஆய்வாளர்கள் பெல்ஜியக் குளமொன்றின் சேற்றடுக்குகளிலிருந்து பழைய டாப்னியாக்களையும் (நுண்ணிய நீர்த்தெள்ளுகள்) அவற்றின் பாக்டீரிய ஒட்டுண்ணியையும் உயிர்ப்பித்துப் பார்த்தார்கள். முந்தைய அடுக்கு, பிந்தைய அடுக்கு ஒட்டுண்ணிகளைவிட அதே அடுக்கின் ஒட்டுண்ணியே அதிகம் தொற்றியது. உங்கள் விரிதாளில் 'ஒ', 'வ' இரண்டையும் ஒரே வரைபில் போட்டு, அந்தத் துரத்தலைத் தேடுங்கள்.