மார்பில் அடிபட்டுக் கிழிந்த இதய வால்வைச் சீரமைக்கும் முறை

வாகன விபத்தில் மார்பு நசுங்கியவருக்கு முதலில் கண்ணில் படுவது விலா எலும்பு முறிவுதான். வால்வு கிழிந்தது பல நேரம் பிந்தித்தான் தெரியவரும். இதயத்தில் புதிதாக முணுமுணுப்பு ஒலி கேட்டாலோ, காரணம் பிடிபடாமல் ரத்த அழுத்தம் சரிந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுத்துவிடுங்கள். மார்புத் தோலுக்கடியில் காற்று பரவியிருந்தால் வெளியிலிருந்து எடுக்கும் படம் தெளியாது. உணவுக்குழாய் வழி எக்கோ வேண்டும். அதற்கு முன் கழுத்து முதுகெலும்பிலும் உணவுக்குழாயிலும் காயமில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

அடுத்த கேள்வி, இதயத்தை எப்போது திறப்பது? பைபாஸுக்கு, அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெபாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து போகிறது. மூளையிலோ கல்லீரலிலோ மண்ணீரலிலோ கசிவிருந்தால் அது பெருகும். மருந்தில் நோயாளி தாங்கினால் அந்தக் காயங்கள் அடங்கும்வரை பொறுக்கலாம். பாப்பிலரி தசை (வால்வு இதழ்களின் நாண்களைப் பிடித்திருக்கும் கீழறைத் தசை) முழுதாக அறுந்து, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வு பெருமளவில் கசிந்தால் பொறுக்க வழியில்லை. இடது கீழறைக்கும் மகாதமனிக்கும் இடையிலுள்ள அயோர்டிக் வால்வில் கசிவு கணிசமாக இருந்தால், மகாதமனிக்குள் வைத்து இதயத்துக்கு உதவும் பலூன் பம்ப் வைக்கவே கூடாது. இதயம் தளரும் டயஸ்டோல் நேரத்தில் பலூன் விரிந்து ரத்தத்தை இதயத்துக்குள்ளேயே திருப்பித் தள்ளும்.

திறந்ததும் கிழிசலை மட்டும் பார்த்து நிற்காமல் வால்வின் இதழ், அதை இழுத்துப் பிடிக்கும் நாண், பாப்பிலரி தசை, இதழ்கள் பொருந்தியிருக்கும் வளையம் என்று வரிசையாகச் சோதியுங்கள். கீழறை இடைச்சுவரில் துளை இருக்கிறதா என்பதும் இங்கேயே தெரிய வேண்டும்.

நாண் அறுந்திருந்தால் அதற்குப் பதிலாக சி.வி.-4 அல்லது சி.வி.-5 அளவுள்ள கோர்டெக்ஸ் என்ற செயற்கை இழை. பாப்பிலரி தசையின் நார்த்தன்மையுள்ள நுனியில் கோத்து, இதழின் விளிம்பில் இருமுறை ஏற்றி எடுங்கள். சிரமமெல்லாம் நீளத்தில்தான். பக்கத்திலுள்ள பழுதில்லாத நாணை அளவாக வைத்து, கீழறையைச் சலைனால் நிரப்பி, இதழ்கள் பொருந்துவதைப் பார்த்த பிறகே முடிச்சை இறுக்குங்கள். குட்டையானால் இதழ் மேலெழாது. நீண்டால் மேலறைக்குள் பிதுங்கும். இந்த இழை வழுக்கும் என்பதால் எட்டு முடிச்சுக்குக் குறைக்காதீர்கள்.

தசையே அறுந்திருந்தால் டெஃப்ளான் திண்டு வைத்து 4-0 அளவு பாலிப்ரொப்பிலீன் இழையால் மெத்தைத் தையல் போடலாம். அடிபட்ட புதிதில் கன்றிய தசை குழைந்திருக்கும். தையல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். நிறம் மாறாத தசைவரை ஆழமாக எடுங்கள். அப்படி ஒரு இடம் கிடைக்காவிட்டால் மீதி நாண்களைக் காப்பாற்றிக்கொண்டு வால்வை மாற்றிவிடுவதே நல்லது.

இதழில் நேர்க்கிழிசலுக்கு 5-0 அல்லது 6-0 தையல் போதும். சதை குறைந்திருந்தால் நோயாளியின் பெரிகார்டியத்தை (இதயத்தைச் சுற்றிய உறையை) 0.6 சதவீத குளூட்டரால்டிஹைடில் பத்து நிமிடம் பதப்படுத்தி, சலைனில் நன்றாக அலசி, ஒட்டுப்போடுங்கள்.

வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ட்ரைகஸ்பிட் வால்வு தனிக் கதை. மார்பெலும்புக்கு நேர் பின்னால் வலது கீழறை இருப்பதால் பெரும்பாலும் முன் இதழின் நாணோ தசையோ அறுகிறது. நோயாளி ஆண்டுக்கணக்கில் தாங்குவார் என்பதே ஆபத்து. அதற்குள் வலது கீழறை விரியும், வளையம் அகலும், இதழ் சுருங்கும், மேலறைத் துடிப்பு தாறுமாறாகும். சீர்செய்யத்தக்க கிழிசலை இவ்வளவு தூரம் விட்டுவைக்கக் கூடாது. அகன்ற வளையத்தை இறுக்கிப் பிடிக்கும் ரிங்கைத் தைக்கும்போது ஏ.வி. முடிச்சுக்கு (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் இடம்) அருகில் ஊசி போகக் கூடாது. போனால் துடிப்பு கடத்தப்படாமல் போகும் இதய அடைப்புதான். மேலறை இடைச்சுவரில் ஓவல் துளை திறந்திருந்தால் அதையும் மூடுங்கள்.

அயோர்டிக் வால்வில் இதழ்ச்சந்தி (இரு இதழ்கள் சுவரில் சேரும் இடம்) மட்டும் பிரிந்திருந்தால் சுவரோடு திரும்பத் தைக்கலாம். இதழின் நடுவே கிழிந்திருந்தால் மாற்றுவதே என் பரிந்துரை. கண்ணுக்குத் தெரியாத சிதைவு இதழில் இருக்கக்கூடும்; பின்னாளில் தைத்த இடமே விடும்.

நின்ற இதயத்தில் சலைன் சோதனை தேறியதை நம்பி மூடிவிடாதீர்கள். பைபாஸிலிருந்து வெளிவந்து, ரத்த அழுத்தத்தை இயல்பு நிலைக்கு ஏற்றி, உணவுக்குழாய் எக்கோவில் பாருங்கள். லேசானதைவிடக் கூடுதலாகக் கசிந்தால் மறுபடி பைபாஸுக்குப் போய்ச் சரிசெய்யுங்கள். மிட்ரலில் முன் இதழ் இடது கீழறையின் வெளிவாயை அடைக்கிறதா என்றும் கவனியுங்கள். ரிங் வைத்தவர்களுக்கு வழக்கமாக மூன்று மாதம் வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்கிறோம். தலையில் அடிபட்டவருக்கு அதைத் தொடங்கும் நாளை நரம்பியல் அறுவை மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள்.