ரிசல்ட் நாளுக்கு முன் பயர்வாலில் நான் பார்க்கும் வேலைகள்

கல்லூரி ரிசல்ட் தளங்கள் ஓடும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பொய் ட்ராஃபிக்கைக் கொட்டித் தளத்தை முடக்கும் தாக்குதலை (டிடாஸ்), சர்வரின் காவல்காரனான பயர்வாலில் எப்படித் தாங்குவது என்பதுதான் இங்கே. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சர்வருக்கு வருகிற லைனே நிரம்பிவிட்டால் உள்ளே இருக்கும் பயர்வாலால் ஒன்றும் ஆகாது. 2018 பிப்ரவரியில் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் மேல் விநாடிக்கு 1.35 டெராபிட் கொட்டியபோது, அவர்களே ட்ராஃபிக்கை, அதை வடிகட்டித் தரும் அகமாய் நிறுவனத்தின் பக்கம் திருப்பிவிட்டுத்தான் மீண்டார்கள். கீழே சொல்வதெல்லாம் அதைவிடச் சின்னத் தாக்குதல்களுக்கு.

லினக்ஸ் அமைப்புகளில் டிசிபி சின்குக்கீஸ் (tcp_syncookies) மதிப்பு 1 என்று இருக்கிறதா பாருங்கள். இணைப்பைத் தொடங்கக் கேட்கும் முதல் பாக்கெட்தான் சின்; பொய்யான சின்கள் குவிந்தாலும் சர்வர் திணறாமல் இருக்க உதவுவது இது. பெரும்பாலும் இருக்கும். 1996இல் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை முடக்கிய சின் வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த மருந்து இது.

அடுத்து லினக்ஸ் பயர்வாலான என்எஃப்டேபிள்ஸின் விதிகள். ஏற்றுவதற்கு முன், தவறான விதி உங்களையே வெளியே பூட்டிவிடாமல் இருக்க, ஐந்து நிமிடத்தில் விதிகளெல்லாம் தானாக அழியும்படி ஒரு வேலையைப் போட்டுவையுங்கள். புது விண்டோவில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) நுழைகிறதென்றால் அதை ரத்து செய்யலாம். விதிகளில் ஏற்கெனவே நிலைத்த இணைப்புகளுக்கு முதல் இடம். பிறகு வெப் தளத்துக்கான 80, 443 போர்ட்டுகள்; எஸ்எஸ்எச் உங்கள் ஐபிக்கு மட்டும். ஐபிவி6 (புதுவகை ஐபி முகவரி) உள்ள சர்வரில், அது இயங்கத் தேவையான ஐசிஎம்பிவி6 செய்திகளை அடைத்துவிடாதீர்கள். மற்றதெல்லாம் ட்ராப், அதாவது பதிலே சொல்லாமல் தள்ளிவிடுவது.

ஒரு ஐபிக்கு இத்தனை இணைப்புதான் என்று வரம்பு வைக்கும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். ஹாஸ்டல் முழுக்க ஒரே வைஃபை, வெளியே தெரிவது ஒரே ஐபி. மொபைல் கம்பெனிகளும் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரிசல்ட் வந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளைகள் தாக்குதல்காரர்கள் மாதிரியே தெரிவார்கள். அதனால் முதலில் ட்ராப் வேண்டாம், கவுண்ட்டர் மட்டும். கூட்டமான ஒரு நாளின் உச்சத்தைப் பார்த்து, அதன் பல மடங்கில் வரம்பு வையுங்கள். ஐபிவி6இல் தனி முகவரியை எண்ணிப் பயனில்லை, /64 தொகுதியாக (முதல் 64 பிட் ஒன்றாக உள்ள முகவரிகளை ஒரே ஆளாக) எண்ணுங்கள். ஐபிகளைச் சேர்த்துவைக்கும் செட்டுக்கு (பட்டியலுக்கு) அளவும் டைம்அவுட்டும் கட்டாயம். பொய் முகவரியில் வரும் பாக்கெட்டுகள் அதையே நிரப்பிவிடும்.

பலரும் எட்டிப் பார்க்காத இடம் கான்ட்ராக். பயர்வால் தன் நினைவுக்கு வைத்திருக்கும் இணைப்புப் பட்டியல் அது. சின்குக்கீஸ் இருந்தாலும் ஒவ்வொரு பொய் சின் பாக்கெட்டும் இதில் ஒரு வரி எழுதும். கெர்னல் லாகில் 'டேபிள் ஃபுல், ட்ராப்பிங் பாக்கெட்' என்று வந்தால் சிபியு சும்மா இருக்கும், தளம் மட்டும் திறக்காது. நிலைத்த இணைப்புக்கு இதில் இயல்பான ஆயுள் 4,32,000 விநாடி, அதாவது 5 நாள்! வெப் சர்வருக்கு ஒரு மணி நேரம் போதும். பட்டியலின் உச்ச அளவையும் ரேமுக்கு ஏற்ப உயர்த்துங்கள்.

யூடிபி 11211 போர்ட் வெளியே திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தரவைத் தற்காலிகமாக நினைவில் வைக்கும் மெம்கேஷ்டு என்ற மென்பொருளின் போர்ட் அது. கிட்ஹப்பை அடிக்க உதவியவை இப்படித் திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்கள்தாம்.

கடைசியாக ஹோஸ்டிங்காரரிடம் ஒரு கேள்வி: தாக்குதல் பெரிதானால் வடிகட்டித் தருவீர்களா, இல்லை என் ஐபியையே அணைத்துவிடுவீர்களா? பதில் இரண்டாவது என்றால், டிஎன்எஸ் டிடிஎல்லை (தளத்தின் ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) இன்றே 300 விநாடிக்கு இறக்கி, மாற்று ஐபி ஒன்றைத் தயாராக வையுங்கள்.