கற்பித்தல் ஒரு பக்கம், மாணவர் உதவி ஒரு பக்கம்: பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கற்பித்தலை மேம்படுத்த ஒரு குழு இருக்கும், மாணவர் நலனுக்கு இன்னொரு குழு இருக்கும். முதல் குழு மென்பொருள் வாங்கும், ஆசிரியர்களுக்குப் பட்டறை நடத்தும். இரண்டாவது குழு ஆலோசனை மையம் திறந்து தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டும். இரண்டும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம். ஆனால் ஒரு மாணவர் சறுக்கத் தொடங்குவது மூன்றாவது, நான்காவது வாரத்தில், ஏதோ ஒரு பாட வகுப்பில். அதை முதலில் கவனிக்கக்கூடியவர் அங்கே பாடம் நடத்துபவர்தான். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்ததால் முளைத்தவை.

கருவியை வாங்கிவிட்டுக் கேள்வியைத் தேடுவது

ஸ்மார்ட் போர்டு வந்துவிடும், பாடங்களையும் அசைன்மென்ட்களையும் இணையத்தில் நிர்வகிக்கும் எல்.எம்.எஸ். மென்பொருள் வந்துவிடும், வாக்களிக்கும் செயலியும் வந்துவிடும். வகுப்பில் நடப்பது மட்டும் அதே ஐம்பது நிமிட விரிவுரை. பழைய நோட்ஸ் பவர்பாயின்ட் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் இதை வேறு முனையிலிருந்து தொடங்கினார். அவருடைய விரிவுரைகளுக்கு மாணவர்களிடம் நல்ல பெயர். இருந்தும், கனரக லாரியும் சின்னக் காரும் மோதும்போது எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்பது போன்ற அடிப்படைக் கேள்விகளைக் கொடுத்ததும் பலர் தடுமாறினார்கள். இரண்டு விசையும் சமம் என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியைக் கேட்டால் ஒப்பித்துவிடுவார்கள். லாரி என்றதும் விதி மறந்துபோகும். ‘நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா’ என்று ஒரு மாணவர் அவரிடமே கேட்டாராம். 1991 முதல் அவர் வகுப்பின் நடுவே கேள்வி கேட்டு, மாணவர்களை ஒருவருக்கொருவர் வாதாட விடும் முறைக்கு மாறினார்.

முறை எளிதுதான். கருத்து சார்ந்த ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஒன்றிரண்டு நிமிடம் பேசாமல் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து இருக்கைக்காரரோடு மூன்று நான்கு நிமிடம் பேசவிட்டு மறுபடி வாக்கெடுப்பு. 30-க்குக் கீழே என்றால் பேச விட்டுப் பயனில்லை, யாருக்கும் பிடி கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பகுதியைத் திரும்ப நடத்த வேண்டும். 70-க்கு மேல் என்றால் ஒரு நிமிடம் விளக்கிவிட்டு நகரலாம். செயலி இல்லாவிட்டால் அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும்.

இதில் கெடுவது எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, வரையறையை ஒப்பிக்கச் சொல்லும் கேள்வி. அதில் வாதாட ஒன்றுமில்லை. மாணவர்கள் உண்மையிலேயே செய்யும் பிழைகளைத் தவறான விடைகளாக வைக்க வேண்டும். பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் பத்து நிமிடத்தில் கிடைக்கும். இரண்டாவது, முதல் வாக்கெடுப்பின் வரைபடத்தைத் திரையில் காட்டிவிடுவது. உயரமான பட்டைதான் சரியான விடை என்று எல்லோரும் அதன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், பேச்சும் அதோடு முடிந்தது. மூன்றாவது, மௌனத்தைப் பொறுக்க முடியாமல் ஆசிரியரே குறிப்புக் கொடுக்கத் தொடங்குவது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதைக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ பள்ளி வகுப்பறைகளில் அளந்து காட்டினார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் விடைகள் நீண்டன, பேசுவோர் எண்ணிக்கையும் கூடியது. கல்லூரி வகுப்பிலும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். தாங்க முடியாத நீளமாகத் தெரியும்.

ஐம்பது நிமிட வகுப்பில் இப்படி இரண்டு, மிஞ்சினால் மூன்று கேள்விகள்தான் முடியும். ‘அப்புறம் போர்ஷனை எப்படி முடிப்பது?’ நியாயமான கேள்வி. இருக்கும் பாடத்தின் மேல் புதுமையை அடுக்கினால் நிச்சயம் முடியாது. வரையறைகளையும் வரலாற்றையும் வகுப்புக்கு முன் படித்துவரச் சொல்லிவிட வேண்டும். படித்தார்களா என்று பார்க்க முந்தைய இரவுக்குள் எழுத வேண்டிய மூன்று கேள்விகள். ‘எது புரியவில்லை?’ என்பது மூன்றாவது கேள்வியாக இருந்தால், மறுநாள் எதை நடத்துவது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

மாணவர்கள் முகம் சுளித்ததும் கைவிடுவது

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமனும் சகாக்களும் 2014-இல் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களைச் செய்யவைத்த வகுப்புகளில் அது 21.8. இத்தனைக்கும் பிறகு பல ஆசிரியர்கள் ஒரு செமஸ்டரோடு விட்டுவிடுவது ஏன்? மாணவர்களுக்குப் பிடிக்காததால்தான். ‘சார் நடத்துவதே இல்லை, எங்களையே பேசச் சொல்கிறார்’ என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிவிடுவார்கள்.

ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேராகவே சோதித்தது. செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள், தேர்விலோ அதிக மதிப்பெண் வாங்கினார்கள். சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். தானே போட்டுப் பார்க்கும்போது முட்டும். அந்த முட்டலைத்தான் ‘கற்கவில்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் கண்டதும் இதே வகை. ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு முறை படித்து, ஒரு முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள்: அவர்களுக்கு நினைவில் நின்றது 56 சதவீதம், எதிரே 42.

ஆகவே முதல் வாரமே இதை வகுப்பில் சொல்லிவிடுங்கள். முதல் சிறு தேர்வு முடிந்ததும் மறுபடி சொல்லுங்கள், அப்போதுதான் காதில் ஏறும். பதவி உயர்வுக்குச் செமஸ்டர் கடைசி மதிப்பீட்டுப் படிவம் ஒன்றையே நம்புவதைத் துறைத்தலைவர்கள் நிறுத்தாவிட்டால், புது முறையை முயலும் இளம் ஆசிரியருக்குத் தண்டனைதான் மிச்சம். நான்காவது வாரத்தில் பெயரில்லாத் துண்டுச் சீட்டு ஒன்று கொடுங்கள்: எது உதவுகிறது, எது இடிக்கிறது. அடுத்த வகுப்பிலேயே எதை மாற்றுகிறீர்கள், எதை மாற்றவில்லை, ஏன் என்று பதில் சொல்லிவிட வேண்டும். பதில் சொல்லாமல் விடுவதைவிடக் கேட்காமலே இருக்கலாம்.

ஒன்பதாவது வாரம் வரை காத்திருப்பது

முதல் இன்டர்னல் தேர்வு ஏழாவது வாரம், விடைத்தாள் திரும்புவது ஒன்பதாவது வாரம். பதினைந்து வாரச் செமஸ்டரில் அதற்குப்பின் மீட்க என்ன இருக்கிறது? மூன்றாவது வாரத்துக்குள் பத்து நிமிடத் தேர்வு ஒன்று வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் ஐந்து சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். பயமுறுத்த அல்ல, அளந்து பார்க்க. ஒரு வாரத்துக்குள் திருத்தித் தர முடியாத தேர்வை வைக்காதீர்கள்.

எச்சரிக்கைக் குறிகளும் நிறையத் தேவையில்லை. முதல் தேர்வில் பாதிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு அசைன்மென்ட் வரவில்லை, இரண்டு வாரமாக வகுப்பில் ஆளைக் காணோம். இந்த மூன்றில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் அன்றே பேசிவிட வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் பலரும் சொதப்புகிறார்கள். வழக்கமாகப் போகும் செய்தி இது: ‘தங்கள் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே உள்ளன. உடனடியாக மாணவர் ஆலோசனை மையத்தை அணுகவும்.’ படித்தவர் போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். இதையே இப்படி எழுதலாம்: ‘முதல் தேர்வில் மூன்றாவது, நான்காவது கணக்கு இரண்டும் உங்களுக்குத் தப்பியிருக்கிறது. வகுப்பில் பலருக்கும் அதே இடம்தான் சிக்கல். வியாழன் மாலை 4 மணிக்கு என் அறையில் அந்த இரண்டை மட்டும் போட்டுப் பார்க்கிறோம். வர முடியாவிட்டால் எந்த நேரம் வசதி என்று எழுதுங்கள்.’ எது தவறு, எங்கே வர வேண்டும், எப்போது வர வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. தெரிந்தவர் கையெழுத்தும் இருக்கிறது.

இதையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2007-இல் கொண்டுவந்த, மாணவர் தோற்கும் அபாயத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்காகத் திரையில் காட்டும் முறை பெரிய வெற்றி என்று பேசப்பட்டது: அந்த விளக்கு இருந்த பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் அதிகமாகப் படிப்பில் நிலைத்தார்கள். 2013-இல் விமர்சகர்கள் கணக்கின் ஓட்டையைக் காட்டினார்கள். நிலைத்திருப்பவர்தானே அதிகப் பாடங்கள் எடுக்க முடியும்? நிறையப் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதைப் போன்ற கண்டுபிடிப்பு அது. விளக்கு எரிவது வேறு, எரிந்தபின் யார் போய்ப் பேசுகிறார் என்பது வேறு.

‘உதவி தேவைப்படுவோர் அணுகவும்’

உதவி தேவைப்படுபவர்தான் கடைசியில் வருவார், அல்லது வரவே மாட்டார். ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்று பெயர் வைத்தால் வாசலைக்கூட மிதிக்க மாட்டார்.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் நகர வளாகத்தில் 1973-இல் தொடங்கிய துணைக்கற்பித்தல் முறையின் சாமர்த்தியம் இங்கேதான். சிக்கலான மாணவர்களை அது பட்டியலிடவில்லை, சிக்கலான பாடங்களைப் பட்டியலிட்டது. சுமார் 30 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மிகக் குறைந்த மதிப்பெண் எடுக்கும், தோற்கும் அல்லது பாதியில் விலகும் பாடமென்றால், அதில் சேர்ந்த எல்லோருக்கும் வாராந்தர அமர்வு உண்டு. நல்ல மாணவரும் வருகிறார், தடுமாறுபவரும் வருகிறார். யாருக்கும் முத்திரை விழுவதில்லை. நடத்துபவர் அந்தப் பாடத்தை நன்றாக முடித்த சீனியர். அவர் மறுபடி அதே வகுப்புகளில் வந்து உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும், அதற்கும் சேர்த்து ஊதியம் தர வேண்டும். இந்த முறை பாழாவது ஒரே வழியில்: சீனியர் சாக்பீஸை எடுத்துக் குட்டி விரிவுரையாளர் ஆகிவிடுவார். கேட்ட கேள்வியை இன்னொரு மாணவரிடம் திருப்பிவிடும் பழக்கத்தை அவருக்குத் தொடக்கத்திலேயே ஏற்றிவிட வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கணிதம் நடத்திய யூரி ட்ரைஸ்மன் 1970-களின் பிற்பகுதியில் கால்குலஸில் தோற்ற கறுப்பின மாணவர்களைக் கவனித்தார். சோம்பல் காரணமில்லை, தயாரிப்புக் குறைவும் முக்கியக் காரணமில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள். அவர் எளிய பயிற்சி எதையும் கொடுக்கவில்லை, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடவைத்தார். மதிப்பெண் ஏறியது.

ஒருவர் கையில் ஆயிரம் பேர்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளில், மாணவர்கள் சீக்கிரம் பட்டம் பெறுவதற்காகத் தொடங்கிய ஏசாப் திட்டம், யார் சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கலில் முடிவுசெய்து சோதிக்கப்பட்டது. மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22. அப்போது ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள். வழக்கமான முறையில் 600 முதல் 1500. கட்டாயச் சந்திப்பு, ஒன்றாக அடுக்கிய கால அட்டவணை, பாடப்புத்தக உதவி, பயண அட்டை எல்லாமே சேர்ந்து வந்தன. இதில் மலிவான ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு அதே பலனை எதிர்பார்ப்பது பரவலான தவறு. ஒரு பேராசிரியருக்கு இருநூறு பேரை ஒதுக்கி ‘மென்டார்’ என்று பெயர் சூட்டுவதும் அப்படித்தான். ஆள் போதாதென்றால் முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் ஒழுங்காகச் செய்யலாம்.

சிறு தொகைக்காகப் படிப்பை நிறுத்துபவர்களையும் யாரும் எண்ணுவதில்லை. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-இலிருந்து கட்டணப் பாக்கியால் பெயர் நீக்கப்படவிருந்தவர்களைத் தானே தேடிப் பிடித்து, விண்ணப்பம் கேட்காமல் பாக்கியைத் தீர்த்தது. சராசரித் தொகை ஆயிரம் டாலருக்கும் கீழே. உங்கள் கணக்குப் பிரிவின் பட்டியலைக் கல்விப் பிரிவின் பட்டியலோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசி ஆண்டில், நல்ல மதிப்பெண்ணோடு, சொற்பப் பாக்கியால் நிற்பவர்கள் தென்படுவார்கள்.

பலனைத் தப்பாக எண்ணுவது

தோல்வி அதிகமுள்ள ஒரே ஒரு முதலாண்டுப் பாடத்தில் தொடங்குங்கள். இரண்டு பிரிவுகள் இருந்தால் ஒன்றில் மட்டும் மாற்றம், இரண்டுக்கும் ஒரே வினாத்தாள், பெயர் மறைத்துத் திருத்தம். கடைசியில் விகிதம் போடும்போது வகுத்தியைக் கவனியுங்கள். 200 பேர் சேர்ந்து, 160 பேர் தேர்வு எழுதி, 136 பேர் தேறினால் அறிக்கையில் ‘85 சதவீதத் தேர்ச்சி’ என்றுதான் வரும். முதல் நாள் வருகைப்பதிவிலிருந்து எண்ணினால் 68. பாதியில் காணாமல் போன அந்த 40 பேரைப் பற்றித்தான் இந்த வேலை முழுக்க. அவர்கள் கடைசியாக வகுப்புக்கு வந்த தேதி ஒவ்வொன்றையும் எடுத்து வரிசைப்படுத்திப் பார்த்தால், அடுத்த செமஸ்டரில் முதல் தேர்வை எந்த வாரம் வைப்பது என்பது தெரிந்துவிடும்.